வன்னியில் ஒரு கம்பெயின்: புத்தகத்தை அப்படியே எடுப்பதா, மாற்றுவதா, புதிதாகக் கட்டுவதா?

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ முல்லைத்தீவிலோ நாலைந்து பேரைச் சேர்த்து டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் என்ற கதையாடும் விளையாட்டில் ஒரு கம்பெயின், அதாவது பல நாட்களுக்குத் தொடரும் ஒரே கதை, நடத்த நினைக்கிறவருக்கு மூன்று வழிகள் உண்டு. அச்சில் வந்த சாகசப் புத்தகம் ஒன்றை எடுத்து எழுதியபடியே நடத்தலாம். அதே புத்தகத்தை எங்கள் காட்டுக்கும் குளத்துக்கும் ஏற்ப மாற்றி நடத்தலாம். இல்லையென்றால் கதை, ஊர், ஆட்கள் எல்லாவற்றையும் தானே கட்டலாம். எதைத் தெரிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த சில மாதங்களுக்கு வார இறுதிகள் எப்படிப் போகும் என்பது இருக்கிறது. அதனால் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டிய விஷயம் இது.

விளையாட்டைப் பழகாதவர்களுக்காக: ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டு, அந்தப் பாத்திரம் என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் டைஸ் உருட்டுவார்கள். மற்ற எல்லாரையும், ஊரையும் காட்டையும் மழையையும் தாங்கிப் பிடிப்பவர் கேம் மாஸ்டர். கூத்துக்கு அண்ணாவியார் எப்படியோ அப்படி. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் முதல் பதிப்பை வெளியிட்டார்கள். இப்போது பெரும்பாலானோர் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பையோ அதற்குப் பிந்திய திருத்தங்களையோ.

முதலாவது வழியை யாரும் இளக்காரமாகப் பார்க்கத் தேவையில்லை. 2014இன் ஸ்டார்டர் செட்டோடு வந்த சாகசப் புத்தகம் 64 பக்கம்தான். பாத்திரங்களை ஒன்றாம் லெவலிலிருந்து ஐந்தாம் லெவல் வரை கொண்டுபோகும். வரைபடம் இருக்கும், எதிரிகளின் எண்கள் இருக்கும், எந்த அறையில் என்ன என்று எழுதியிருக்கும். விதிகளையே இன்னும் தடுமாறிப் படிக்கிற கேம் மாஸ்டருக்கு இது பெரிய துணை. பெரிய கம்பெயின் புத்தகங்கள் வேறு கதை. அவை இருநூற்றைம்பது பக்கம் வரை போகும். முழுவதையும் வாசித்து முடிக்காமல் தொடங்கினால், கடைசி அத்தியாயத்தில் தேவைப்படுகிற ஒருவரை முதல் நாளே ஆட்டக்காரர்கள் கொன்றுவிடுவார்கள்.

இன்னொரு நியாயமும் இந்த வழிக்கு இருக்கிறது. சில பேர் வன்னியை விட்டு மூன்று மணித்தியாலம் வேறெங்காவது போய்வரத்தான் மேசைக்கு வருகிறார்கள். பனிமலையும் கோட்டையும் டிராகனும் அவர்களுக்கு ஓய்வு. அவர்களைக் கொண்டுவந்து மறுபடியும் மாங்குளம் சந்தியில் நிறுத்துவது நல்லதல்ல. தொடங்குவதற்கு முன் இதை எல்லாரிடமும் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் 'எங்கட மண்ணில் எங்கட கதை' என்று முடிவெடுப்பது கேம் மாஸ்டரின் ஆசையை மற்றவர்கள் மேல் ஏற்றுவதாகப் போய்விடும்.

சரி, அப்படியானால் ஏன் எல்லாரும் முதலாவது வழியில் போகக்கூடாது? அந்தப் புத்தகங்களின் வழக்கமான தொடக்கங்களை எடுத்துப் பாருங்கள். மேலே சொன்ன 64 பக்கச் சாகசம் இப்படித் தொடங்குகிறது: பாத்திரங்கள் பொருள் வண்டி ஒன்றுக்குக் காவலாகப் போகிறார்கள், காட்டுப் பாதையில் செத்த குதிரைகள் கிடக்கின்றன, மறைந்திருந்த கொப்லின்கள் என்ற குள்ளப் பிராணிகள் தாக்குகின்றன, முன்னால் போன ஒருவரைக் கடத்திக்கொண்டு போயிருக்கிறார்கள், அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. எழுதியவர்கள் இதை நல்ல விறுவிறுப்பான தொடக்கம் என்று எழுதினார்கள். உலகத்தில் பெரும்பாலான மேசைகளில் அது அப்படித்தான் வேலை செய்கிறது. ஆனால் காட்டு வீதியில் பதுங்கித் தாக்குதல், கடத்தப்பட்ட ஒருவர், விடை இல்லாத தேடல் என்ற மூன்றும் வன்னியில் வீட்டுக்கு வீடு இருக்கிற விஷயங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கியது 2017 பெப்ரவரி 20ஆம் திகதி. வீதியோரக் கொட்டிலில் படத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்த அம்மாக்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது டைஸ் உருட்டுகிற வயதில் இருக்கிறார்கள்.

மண்ணுக்குள்ளிருந்து எலும்புக்கூடுகள் எழுந்து வரும் காட்சியும் அப்படித்தான். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் ஒரு புதைகுழி அறை இருக்கும். கொக்குத்தொடுவாயில் 2023இல் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. முல்லைத்தீவுப் பிள்ளைகள் இருக்கும் மேசையில் அந்த அறையை நான் வாசிக்க மாட்டேன். இருபது வயதுக்காரர்களில் சிலர் 'அதெல்லாம் ஒண்டும் இல்லை, போடுங்கோ' என்பார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறவரை நினைத்துத்தான் இந்த முடிவு.

இதற்கான வழிமுறைகளை விளையாட்டு உலகம் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. ரொன் எட்வர்ட்ஸ் முன்வைத்த முறையில் இரண்டு பட்டியல்கள் உண்டு: கதைக்குள் வரவே கூடாதவை ஒன்று, வரலாம் ஆனால் விவரிக்காமல் கடந்து போக வேண்டியவை மற்றது. ஜோன் ஸ்டவ்ரோபூலஸ் செய்த எக்ஸ் கார்ட் இன்னும் எளிது. நடுவில் பெரிய எக்ஸ் எழுதிய ஒரு அட்டை மேசையில் கிடக்கும். யாராவது அதைத் தொட்டால் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. எங்கள் ஆட்கள் மரியாதைக்காக அட்டையைத் தொடாமலே இருந்துவிடுவார்கள் என்பதுதான் சிக்கல். பத்துக் கண்கள் பார்க்கையில் கை நீட்டுவது இங்கே சுலபமில்லை. அதனால் முதல் ஆட்டத்துக்கு முன்னரே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் கேட்பது நல்லது. 'எது வேண்டாம்' என்று மட்டும் கேளுங்கள். காரணம் கேட்காதீர்கள். வந்த பதில்களை யார் சொன்னது என்று காட்டாமல் ஒரே பட்டியலாக்கிக் குழுவுக்கு வாசித்துக் காட்டினால் போதும்.

இந்தக் காரணங்களால் வன்னியில் முதல் கம்பெயின் நடத்துகிறவருக்கு நான் இரண்டாவது வழியைச் சொல்வேன். புத்தகத்தின் எலும்பை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றுங்கள். ஆனால் மாற்றுவது என்றால் என்ன என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கொப்லினைப் பேய் என்றும், சத்திரத்தைத் தேத்தண்ணிக் கடை என்றும், தங்கக் காசைப் பணம் என்றும் எழுதிவிட்டால் மாற்றம் முடிந்துவிட்டதென்று நினைக்கிறார்கள். அரை மணித்தியாலத்தில் ஆட்டக்காரர்கள் மறுபடியும் அதே பழைய சத்திரத்தில் இருப்பார்கள், தேத்தண்ணி மட்டும் கையில் இருக்கும். மாற வேண்டியது ஆட்கள் ஏன் அப்படி நடக்கிறார்கள் என்ற காரணம். அந்த 64 பக்கப் புத்தகத்தில் எல்லாரையும் ஓட வைப்பது தொலைந்துபோன சுரங்கம். வன்னியில் ஆட்களை ஓட வைப்பது தண்ணீர்.

நான் அதை எப்படி மாற்றுவேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலம் ஒல்லாந்தர் காலம். வன்னியில் பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பற்றுகள், அதாவது நிலப் பிரிவுகள்; அவற்றுக்குத் தலைவர்கள் வன்னியர்கள். ஒல்லாந்தருக்கு அவர்கள் திறையாகக் கொடுக்க வேண்டியது யானை. பிடித்த யானைகளை வடக்கே நடத்திக் கொண்டுபோய், ஆனையிறவைக் கடந்து யாழ்ப்பாணத்தில் சேர்க்க வேண்டும்; அங்கே இந்திய வியாபாரிகள் வாங்குவார்கள். இவ்வளவும் வரலாறு. இதற்கு மேல் கதை.

பாத்திரங்கள் பனங்காமத்திலிருந்து ஒரு திறை யானையோடு காவலாகப் போகிறார்கள். இரவு தங்கிய இடத்தில் விடிந்து பார்த்தால் யானை இல்லை. பாகன் இருக்கிறான், ஒரு கீறலும் இல்லாமல். சங்கிலி அறுக்கப்படவில்லை, கழற்றப்பட்டிருக்கிறது. அடித்தடம் வீதியை விட்டு விலகிப் பாலை மரங்களுக்குள் போகிறது. செத்த குதிரை இல்லை, பிணம் இல்லை, கடத்தப்பட்ட மனிதர் இல்லை. ஆனாலும் யாரும் வீட்டுக்குத் திரும்ப முடியாது, ஏனென்றால் யானை போய்ச் சேராவிட்டால் அவர்களின் வன்னியனுக்குத் தலையிடி.

தடத்தைப் பிடித்துப் போனால் கட்டு உடைந்து காடாகிப்போன ஒரு பழைய குளம். புத்தகத்தின் தொலைந்த சுரங்கம் இருந்த இடத்தில் இது. வன்னிக் காடு முழுக்க இப்படிக் கைவிட்ட குளங்கள் கிடந்ததால் இது யாருக்கும் புதுமையாகவும் இருக்காது. ஊர்ச் சனம் யானையைக் கொண்டு மரமும் கல்லும் இழுத்து உடைப்பை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐப்பசி மழைக்கு முன் அடைத்தால் காலபோகம் விதைக்கலாம். ஊர்ப் பெரியவர் சொல்கிறார்: "தம்பியவை, ஆனை போகாட்டில் உங்கட வன்னியனாருக்குக் கரைச்சல், எனக்கு விளங்குது. மழைக்கு முன்னம் கட்டு நிக்காட்டில் இந்தப் பிள்ளையளுக்குச் சோறில்லை. நீங்களே சொல்லுங்கோ."

இந்த இடத்தில் கேம் மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். மேசையில் சண்டை தொடங்கும், பாத்திரங்களுக்குள்ளேயே. பாதிப் பேர் யானையைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பார்கள். ஒருவர் மழை வரும்வரை நாட்களைத் தள்ளிப்போடத் தந்திரம் சொல்வார். இன்னொருவர் துருசு (தண்ணீர் திறக்கும் மதகு) எங்கே இருக்கிறது, பழைய கல் இன்னும் உறுதியா என்று கேட்பார். அறிவியல்நகர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் விவசாயமோ பொறியியலோ படிக்கிற ஒருவர் குழுவில் இருந்தால் குளத்தைப் பற்றிக் கேம் மாஸ்டரை விட அவருக்குக் கூடத் தெரியும். அதைப் பயன்படுத்துங்கள். வான் (மிகுநீர் வழியும் இடம்) எந்தப் பக்கம், அலைகரையில் எத்தனை பேர் நிற்க வேண்டும் என்று அவரையே சொல்ல விடுங்கள். புத்தகத்தில் எழுதிய சுரங்கத்தைப் பற்றி எந்த ஆட்டக்காரரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதை நான் கண்டதில்லை.

ஒரு நன்மையை இங்கே கவனிக்க வேண்டும். புத்தகத்தில் கெடு இல்லை. பாத்திரங்கள் எத்தனை நாள் சத்திரத்தில் படுத்திருந்தாலும் சுரங்கம் அங்கேயே இருக்கும். மழை வைத்தவுடன் கதைக்குக் கெடு வந்துவிடுகிறது. ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்கும் ஒரு நாள் கழியும். ஒரு தாளில் நாட்களைக் கட்டங்களாகப் போட்டு எல்லார் கண்ணிலும் படும்படி வைத்துக் கட்டம் கட்டமாகக் கீறினால், கேம் மாஸ்டர் யாரையும் அவசரப்படுத்தத் தேவையில்லை.

எண்களை மாற்ற வேண்டாம். இதுதான் இரண்டாவது வழியின் பெரிய இலாபம். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் வெளிவந்தது. இலவசமாக இறக்கி, மூலத்தைக் குறிப்பிட்டுத் தமிழில் எழுதிப் பகிரவும் அனுமதி உண்டு. அதில் முதலை, கரடி, பன்றி, யானை எல்லாம் எண்களோடு இருக்கின்றன. கூலிக்கு அடிக்கிற ஆட்களுக்குக் கொள்ளைக்காரரின் எண்களை, அதாவது 11 உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கும் என்பது), கவசம் 12 (அடி பட எடுக்க வேண்டிய எண்) என்பதை அப்படியே எடுக்கலாம். யானைக்கு 76 உயிர்ப்புள்ளி. ஒன்றாம் லெவல் பாத்திரங்கள் நாலு பேர் சேர்ந்தாலும் அதோடு மோதினால் மிஞ்ச மாட்டார்கள். வன்னியில் வளர்ந்த ஆட்டக்காரருக்கு அந்த எண்ணைச் சொல்லவே தேவையில்லை. காட்டு யானை வந்தால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும்: மோத மாட்டார், பந்தம் எரிப்பார், தகரம் தட்டுவார், இந்தக் காலமென்றால் யானை வெடி போடுவார். விதியும் ஊர் அறிவும் ஒரே பக்கம் இழுக்கிற இப்படியான இடங்கள் வேறு நாட்டுக் கதையில் கிடைக்காது.

கோயில் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கடல் நீரில் விளக்கெரிப்பதை எல்லாருக்கும் தெரியும். வைகாசிப் பொங்கலுக்கு எங்கெங்கிருந்தோ சனம் வரும். கதைக்குள் அந்த வழக்கத்தை நாள் குறிக்கவோ ஊர் கூடும் இடமாகவோ வைக்கலாம். அம்மனுக்கு எண்கள் போட்டு, வசனம் எழுதி, கேம் மாஸ்டர் குரலில் பேச வைப்பது எனக்குச் சம்மதமில்லை. மேசையில் பக்தியுள்ளவர் இருப்பார், மடுவுக்குப் போகிறவர் இருப்பார், நம்பாதவரும் இருப்பார். தெய்வத்தைக் காட்டாமல் விட்டால் மூவரும் ஒரே மேசையில் வசதியாக இருக்கலாம்.

மூன்றாவது வழி, அதாவது எல்லாவற்றையும் சொந்தமாகக் கட்டுவது, ஆசை காட்டுகிற வழி. எழுதத் தெரிந்தவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்வார்கள். ஆயிரம் ஆண்டு அரச வம்சம், மூன்று மொழி, ஒவ்வொரு பற்றுக்கும் கொடி என்று கொப்பி நிரம்பும். ஆட்டக்காரர் முதல் நாளே கொப்பியில் இல்லாத ஒழுங்கையில் திரும்பிவிடுவார். இதில் இறங்குவதானால் சின்னதாகத் தொடங்க வேண்டும்: ஒரு குளம், ஒரு கோயில், ஒரு வீதி, தண்ணீருக்காக முரண்படும் இரண்டு குடும்பம். மற்றது ஆட்டம் போகப் போக வரும்.

காட்டைச் சுற்றித் திரிகிற ஆட்டம் என்றால் அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடம் உதவும். வழக்கமான அளவு கட்டத்துக்கு 6 மைல். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு வரை ஏறத்தாழ 50 கிலோமீற்றர், ஐந்து கட்டம். ஐந்தாம் பதிப்பு விதிப்படி ஒரு நாள் நடை 24 மைல், கடினமான நிலத்தில் அதில் பாதி. ஆகவே வீதி இல்லாத காட்டுக்குள்ளால் அந்தத் தூரம் மூன்று நாள். ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ணீர் இருக்கிறதா, யானைப் பாதை இருக்கிறதா, யார் நிலம் என்று மூன்று குறிப்பு எழுதினால் போதும். கனகராயன் ஆறும் பேராறும் பாலி ஆறும் எங்கே ஓடுகின்றன என்று இப்போதைய வரைபடத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

சொந்தமாகக் கட்டுகிற பலருக்கு முதலில் வரும் யோசனை பண்டாரவன்னியன். 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றியது, அதே ஆண்டு ஒக்டோபரில் கற்சிலைமடுவில் தோற்றது எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. அதுதான் சிக்கலும். முடிவு தெரிந்த கதைக்குள் ஆட்டக்காரருக்கு எதை மாற்ற இடமிருக்கிறது? கற்சிலைமடுவில் வெல்ல விட்டால் சிலருக்கு வலிக்கும், தோற்க வைத்தால் டைஸ் எதற்கு என்ற கேள்வி வரும். அவரைக் கதையின் ஓரத்தில் வைத்து, செய்தி கொண்டுபோகிறவர், நெல் ஒளித்து வைக்கிறவர், கோட்டைக்குள் வேலை செய்த சமையற்காரி என்று ஆட்டக்காரர்களைச் சாதாரண ஆட்களாக ஆட விட்டால் அந்த ஆண்டுக்குள்ளும் நிறைய இடமிருக்கிறது.

விதிகளைப் பற்றிச் சுருக்கமாக. டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் மூன்று முக்கிய புத்தகங்களும் சேர்ந்தால் 900 பக்கத்தைத் தாண்டும், அதில் பெரும்பங்கு சண்டை பற்றியது. தண்ணீரையும் பேச்சுவார்த்தையையும் நடுவில் வைக்கிற கதைக்கு இவ்வளவு தேவையில்லை என்று நினைக்கிறவர், யொஹாய் கால் 2020இல் வெளியிட்ட கெயர்ன் என்ற சின்ன விதிப்புத்தகத்தைப் பார்க்கலாம். இலவசம், காட்டுக் கதைகளுக்கென்றே எழுதியது, லெவல் இல்லை, பத்து இடத்துக்குள் அடங்குகிற சாமான்தான் சுமக்கலாம், அடித்தால் தவறாமல் படும். அடி எப்போதும் படும் என்பதால் ஆட்டக்காரர் சண்டைக்கு முன் யோசிப்பார். 2010இன் அபோகலிப்ஸ் வேர்ல்ட் வழிவந்த விளையாட்டுகளில் இரண்டு சாதாரண ஆறுமுக டைஸ் போதும்: 10 அல்லது அதற்கு மேல் வந்தால் முழு வெற்றி, 7 முதல் 9 வரை வெற்றிதான் ஆனால் ஒரு விலையோடு, 6 அல்லது அதற்குக் கீழே கேம் மாஸ்டரின் முறை. 36 வாய்ப்புகளில் 15 அந்த நடு இடத்தில் விழும். லூடோ பெட்டியில் இருக்கிற டைஸே இதற்குக் காணும்.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸுக்குத் தேவையான இருபதுமுக டைஸ் கடைகளில் கிடைக்காததை ஒரு தடையாக எடுக்க வேண்டாம். கைபேசியில் உருட்டலாம். ஆனால் மேசையில் ஏதாவது கையால் தொட்டு எடுக்கிற பொருள் இருப்பது நல்லது. இருபது புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கத்தின் கறுப்புத் தோலைச் சீமெந்தில் உரசி வெள்ளை தெரியும்வரை தேய்த்து, 1 முதல் 20 வரை பேனையால் எழுதி ஒரு பால்மா ரின்னில் போட்டுக் குலுக்கினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு முறையும் எடுத்ததைத் திருப்பிப் போட வேண்டும், இல்லாவிட்டால் கணக்குப் பிழைக்கும். அனுகூலத்தோடு, அதாவது நிலைமை பாத்திரத்துக்குச் சாதகமாக இருக்கையில், எடுக்கும்போது ஒன்றை எடுத்துப் பார்த்துத் திருப்பிப் போட்டு இன்னொன்று எடுத்து, கூடியதை வைத்துக்கொள்ள வேண்டும், சராசரி 10.5இலிருந்து 13.8க்கு ஏறும்.

ஆகவே யார் எதை எடுப்பது? குழுவில் எல்லாரும் புதியவர்கள், அதோடு தூரத்து உலகம்தான் வேண்டும் என்கிறார்கள் என்றால் 64 பக்கப் புத்தகத்தை அப்படியே எடுங்கள். கடத்தலையும் புதைகுழியையும் மட்டும் முதலே வெட்டிவிடுங்கள். கேம் மாஸ்டருக்கு விதிகள் ஓரளவு கைவந்து, ஆட்டக்காரருக்கும் ஊர்க் கதை பிடிக்கும் என்றால் இரண்டாவது. தயாரிப்புக்கு ஒதுக்குகிற நேரத்தில் பாதிக்கு மேல் ஆட்களுக்குப் போகட்டும்: யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு யார் மேல் கோபம், மழை பிந்தினால் யார் முதலில் பாதிக்கப்படுவார். வரைபடத்துக்கும் சண்டைக்கும் மிச்ச நேரம் போதும்.

மூன்றாவதுக்கு ஒரு கம்பெயின் முடிந்த பிறகு வாருங்கள். அப்போது ஆட்டக்காரர்கள் எந்த ஊருக்குத் திரும்பிப் போகக் கேட்கிறார்கள், எந்தப் பெரியவரை மறுபடி சந்திக்க நினைக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். அந்தக் குளம் அடைபட்டிருந்தால் அடுத்த ஆண்டு சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, வாய்க்காலின் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகுமா என்று ஊர்க் கூட்டம் நடக்கும். அந்தக் கூட்டத்திலிருந்தே சொந்தக் கம்பெயினைத் தொடங்கலாம். வயலும் ஆட்களும் முரண்பாடும் ஏற்கெனவே மேசையில் இருக்கும்.